புங்க எண்ணெயில் ஆயில் என்ஜின்: இதுவரை ஆனது

எங்கள் கிணற்று மேட்டில் 5 குதிரைத்திறன் ஆயில் என்ஜின் ஒன்று இன்னும் நிற்கிறது. கரண்டு மோட்டார் வந்த பிறகு அதற்கு வேலை குறைந்துவிட்டது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் மட்டும் ஹேண்டில் போட்டுக் கிளப்புவோம். ஒற்றை சிலிண்டர், நிதானமாக ஓடும் பழைய ரகம். புங்க எண்ணெய் ஊற்றிப் பார்க்க இதைவிடத் தோதான என்ஜின் கிடைக்காது. புது டிராக்டரிலும் காரிலும் இந்த விளையாட்டு வேண்டாம். அவற்றின் பம்பும், எரிபொருளைத் தூவும் நாசிலும் மிக நுணுக்கமானவை, கெட்டால் செலவு தாங்காது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சின்ன டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் பார்த்தால், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் உடுப்பி சீனிவாசா கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயால் ஜெனரேட்டர் ஓட்ட வைத்தார். அங்கே அதற்கு ஹொங்கே என்று பெயர். நம் பக்கம் காட்டாமணக்குக்குத்தான் ஒரு காலத்தில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது. 2017-க்குள் 20 விழுக்காடு தாவர எரிபொருள் கலப்பது என்று 2009-ன் தேசியக் கொள்கை இலக்கு வைத்தது. தண்ணீர் இல்லாமல் தரிசில் தானாகக் காய்க்கும் என்று நம்பி நட்டவர்களுக்குக் காய் தேறவில்லை, பலர் பிடுங்கிப் போட்டார்கள். 2018-ல் வந்த புதுக் கொள்கை, பயோடீசலுக்கு 2030-க்குள் 5 விழுக்காடு என்று இறங்கி வந்துவிட்டது. புங்க மரத்துக்கு அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் நடக்கவில்லை. வாய்க்கால் கரையில் அதுபாட்டுக்கு நின்று, அதுபாட்டுக்குக் காய்க்கிறது. பயறு குடும்பம் என்பதால் வேரில் தழைச்சத்தையும் சேர்த்துக்கொள்கிறது.

மாசி, பங்குனியில் காய் உதிரும். பொறுக்குவது சுலபம், உடைப்பதுதான் தாலி அறுக்கும். தோல் கட்டை மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு கொட்டை. கல்லில் வைத்துக் கட்டையால் தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் பருப்பு நசுங்கும், மெல்லத் தட்டினால் தோல் விடாது. ஒரு ஆள் காலையிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்தாலும் நாலைந்து கிலோ பருப்பு தேறினால் பெரிது. பருப்பில் 27 முதல் 39 விழுக்காடு வரை எண்ணெய் உண்டு என்றாலும் ஆட்டும்போது அத்தனையும் வந்துவிடாது. நாலு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு ஆள் கூலி, ஒரு லிட்டர் எண்ணெய். பெட்ரோல் பங்கில் டீசல் லிட்டர் 90 ரூபாய்ச் சொச்சம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆட்டுவதற்கும் அலைய வேண்டியிருந்தது. ஊரில் இருக்கும் செக்குக்காரர் கோணியை முகர்ந்து பார்த்துவிட்டே கையெடுத்துக் கும்பிட்டார். "இதப் போட்டா அப்புறம் எங்கிட்ட கடலெண்ணெ வாங்க ஒரு ஆள் வரமாட்டான் தம்பி." அவர் சொன்னது நியாயம். புங்கையின் கசப்பும் வாடையும் உரலை விட்டுப் போகாது, வாயில் வைக்கக்கூடிய எண்ணெயும் அல்ல. வேப்பங்கொட்டைக்கும் இலுப்பைக்கும் என்றே தனியாக எக்ஸ்பெல்லர் (எண்ணெய் பிழியும் இயந்திரம்) வைத்திருக்கும் மில்லில்தான் ஆட்டிக் கொடுத்தார்கள். பிண்ணாக்கைத் திருப்பி வாங்கி வந்து தென்னைக்குப் போட்டாயிற்று. இதுவரை லாபம் என்று சொல்ல அது ஒன்றுதான்.

எண்ணெயை இரண்டு வாரம் அசையாமல் டிரம்மில் வைத்து, கசண்டு இறங்கிய பிறகு மேலாக எடுத்துத் துணியிலும் டீசல் பில்டரிலும் வடிகட்டினேன். செம்பழுப்பு நிறம், கொழகொழப்பு. டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. இதைச் சும்மா டேங்கில் ஊற்றினால் நாசில் பூவாகத் தூவாது, தாரையாகத்தான் அடிக்கும். அதனால் இரண்டு டேங்க் வைத்தேன். ஒன்றில் டீசல், இன்னொன்றில் புங்க எண்ணெய், நடுவில் மூன்று வழி வால்வு. எண்ணெய் வரும் குழாயைச் செம்பில் போட்டு, சைலன்சர் பைப்பைச் சுற்றி வளைத்துவிட்டேன். 80 டிகிரி தாண்டினால் டீசல் அளவுக்கு இல்லாவிட்டாலும் பம்ப் திணறாத அளவுக்கு இளகிவிடுகிறது.

ஓட்டும் முறை இதுதான்: டீசலில் கிளப்பி, சைலன்சர் நன்றாகச் சூடேறிய பிறகு வால்வைத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்னால் திரும்ப டீசலுக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பம்பிலும் நாசிலிலும் எண்ணெய் ஆறிக் கெட்டிப்பட்டு நிற்கும், மறுநாள் ஹேண்டில் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுவிடும். தண்ணீர் வரத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. புகையில் டீசல் நெடி போய், கோயில் பிரகாரத்து வாடை வருகிறது. அம்மாவுக்கு அது பிடித்திருக்கிறது.

ஒரு போகம் முழுக்க ஓட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு நாசிலைக் கழற்றச் சொன்னேன். துளைகளைச் சுற்றி மோதிரம் போலக் கரி ஏறியிருந்தது. டீசல் கரியை விரலால் துடைத்துவிடலாம். இது நகத்துக்கு அசையவில்லை, வார்னிஷ் பூசியதுபோல் மினுக்கம், பித்தளைக் கம்பி பிரஷ்தான் வேண்டியிருந்தது. "அண்ணே, மூணு வருஷம் ஓடுன நாசிலாட்டம் இருக்குண்ணே" என்றான் அவன். என்ஜின் ஆயிலையும் பார்க்கச் சொன்னான். எரியாத புங்க எண்ணெய் கீழே இறங்கினால் ஆயில் கெட்டிப்படுமாம். இப்போது வழக்கமான இடைவெளியில் பாதியிலேயே ஆயில் மாற்றுகிறேன்.

சரி, எண்ணெயையே மாற்றிப் பார்த்தால் என்ன? எண்ணெயோடு ஆல்கஹாலைச் சேர்த்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தின் உதவியால் கிளிசரினைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் பயோடீசல். 1937-லேயே பெல்ஜியத்தில் பாமாயிலை ஆல்கஹால் சேர்த்து எரிபொருளாக மாற்றக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். இதற்கு வழக்கமாக எடுப்பது மெத்தனால். அது கொடிய விஷம், கண்ணைப் பறிக்கும், வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத பொருள். வேதியியல் ஆசிரியராக இருக்கும் நண்பரின் கல்லூரி ஆய்வகத்தில், அவர் கையால்தான் இது நடந்தது. யாரும் இதைச் சமையலறையில் தொடங்கிவிட வேண்டாம்.

முதலில் எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்த்தோம். வேண்டுமென்றே இரண்டு எண்ணெய் கொண்டுபோயிருந்தேன். ஒன்று அந்தப் பருவத்துக் கொட்டை, உடைத்த உடனே ஆட்டியது. மற்றது ஒரு மழைக்காலம் முழுக்கக் கோணியில் கிடந்த கொட்டை. ஒரு மில்லி எண்ணெயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, மஞ்சள் தூள் சாறு இரண்டு சொட்டு விட்டு, 0.1 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் தீர்ந்ததும் மஞ்சள் சிவப்பாகிவிடும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்க்கும்போது நடப்பதுதான். புது எண்ணெய் 3 மில்லியில் சிவந்தது. பழையது 15-ஐத் தாண்டியும் மஞ்சளாகவே நின்றது. அத்தனை அமிலத்தில் காரத்தைப் போட்டால் பயோடீசல் வராது, சோப்புதான் வரும். கந்தக அமிலம் வைத்து முதலில் அமிலத்தைக் குறைக்க வழி இருக்கிறது, ஆனால் அந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று பழையதை விளக்குக்கு ஒதுக்கிவிட்டோம்.

புதியதில் ஒரு லிட்டருக்கு 200 மில்லி மெத்தனால், 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மெத்தனால் 65 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் 55-ல் நிறுத்தி ஒரு மணி நேரம் கலக்கினோம். இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், அடியில் கருப்பட்டிப் பாகு நிறத்தில் கிளிசரின், மேலே தெளிந்த பொன்னிறத் திரவம். மெல்லத் தண்ணீரில் அலசி, சூடேற்றி ஈரம் போக்கி, 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் கலந்து பார்த்தோம். மாறாத எண்ணெய் இருந்தால் அடியில் சொட்டாக நிற்கும். எதுவும் நிற்கவில்லை.

டீசலோடு 20 விழுக்காடு கலந்து ஊற்றியதில் என்ஜினுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சைலன்சரில் குழாய் சுற்றும் வேலையும் வால்வு திருப்பும் வேலையும் இல்லை. ரப்பர் ஹோஸ் மட்டும் உப்பி இளகத் தொடங்கியதால் வேறு குழாய் மாற்றினேன். ஆனால் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. உலகத்தில் மெத்தனாலைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் இருந்துதான் எடுக்கிறார்கள். அதை ஊற்றிவிட்டு முழுக்க மரத்து எரிபொருள் என்று சொல்ல வாய் வரவில்லை. கரும்புச் சாராயமான எத்தனாலிலும் செய்யலாம், ஆனால் துளி ஈரம்கூட இருக்கக் கூடாது, கிளிசரினும் சட்டென்று பிரியாது. நண்பர் விடுமுறையில் முயன்று பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அதைவிட எனக்கு அவசரம் தோல் உடைப்பதுதான். பக்கத்துத் தோட்டத்தில் கையால் ஆட்டும் நிலக்கடலை உடைக்கும் மெஷின் சும்மா கிடக்கிறது. சல்லடையைக் கழற்றிப் பெரிய துளையில் அடித்துத் தரச் சொல்லி லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். அடுத்த பங்குனிக்குள் வந்துவிட்டால், கூலிக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.