மல்லாரி கேட்கும் குறிப்புகள், பெங்களூரு

ஏப்ரல் 2

மல்லாரிக்குச் சாகித்யம் கிடையாது. சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிக்கிற உருப்படி. ராகம் கம்பீர நாட்டை. சொல் இல்லாத இசைக்கு அர்த்தம் கற்பனை செய்ய ஒரு பிடி வேண்டும். அது ராகத்திலேயே கிடைக்கிறது. ச க ம ப நி, அவ்வளவுதான். ரிஷபமும் (ரி) தைவதமும் (த) இல்லை. கீபோர்டில் கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ச-விலிருந்து க-வுக்கு நான்கு கட்டை, அடுத்து ம-வுக்கு ஒன்று, ப-வுக்கு இரண்டு, நி-க்கு மறுபடி நான்கு, மேல் ச-வுக்கு ஒன்று. ஒரு பெரிய காலடி, பக்கத்திலேயே ஒரு சின்னக் காலடி. பல்லக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு கருங்கல் படி இறங்குகிறவர்களின் கால்கள் எனக்கு இங்கேதான் தெரிகின்றன. ரிஷபம் லேசாக ஒட்டினாலும் நாட்டை என்கிற வேறு ராகத்தின் சாயல் வந்துவிடும், படியின் உயரம் போய்விடும்.

ஏப்ரல் 3

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். தவிலில் விரல்களால் வாசிக்கிற வலது பக்கம், வலந்தலை, கணீரென்று வரும். குச்சியால் அடிக்கிற இடது பக்கம், தொப்பி, காணாமல் போகும். பூமியில் பதிகிற அடி தொப்பியில்தான் இருக்கிறது. ஹெட்போன் போதும்.

ஏப்ரல் 6

இன்று முழுக்கத் திஸ்ரம், அதாவது எண்ணிக்கையை மூன்றாகப் பிரிக்கிற நடை. ஆதி தாளத்தில் 32 சுரம் கொண்ட மல்லாரி என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், எண்ணிக்கைக்கு ஒரு சுரம், 4 ஆவர்த்தனம் (8 எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்று) பிடிக்கும். இரண்டாம் காலத்தில் 2, மூன்றாம் காலத்தில் 1. தாளம் நகராது, பாட்டுதான் நெருங்கும். திஸ்ரத்தில் எண்ணிக்கைக்கு 3 சுரம். மெட்டின் முதல் சுற்று 11-ஆவது எண்ணிக்கையின் நடுச் சுரத்தில் முடிகிறது. இரண்டாம் சுற்று அதன் கடைசிச் சுரத்தில் தொடங்குகிறது. மூன்றாம் சுற்றுக்கு எடுப்பு (தொடங்கும் இடம்) 22-ஆவது எண்ணிக்கையின் இரண்டாம் சுரம். மூன்று சுற்றும் முடிந்தால்தான் 32 எண்ணிக்கை நிறைந்து சமத்தில், தாளத்தின் முதல் தட்டில், வந்து விழும்.

கேட்கிறவர்கள் தவறுவது இரண்டாம் சுற்றில்தான். மெட்டு புதிதாகத் தொடங்குகிறதே என்று கை தட்டை அங்கே இழுத்துவிடும். நாயனத்தை விட்டுவிட்டு ஜால்ராவை மட்டும் பிடித்துக்கொண்டு எண்ணினால் தப்பலாம்.

அந்த இடம் எனக்குத் தோள் மாற்றுகிற நேரம். ஒருவர் விலக, இன்னொருவர் தோள் கொடுக்க, பல்லக்குத் தண்டு இரண்டு அடிகளுக்கு நடுவே கை மாறுகிறது. மேலே இருக்கிற சுவாமி சாய்வதில்லை. இதைவிட நல்ல அர்த்தம் இந்தத் திஸ்ரத்துக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 9

எல்லா மல்லாரிக்கும் ஒரே படம் பொருந்தாது. தீர்த்த மல்லாரி அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது. தளிகை மல்லாரி மடைப்பள்ளியிலிருந்து நைவேத்யம் வரும்போது. தேர் மல்லாரி தேருக்கு. நிறைகுடம் தளும்பாமல் நடக்கிற நடை வேறு, வடம் பிடிக்கிற நடை வேறு. எந்த மல்லாரி என்று தெரிந்துகொண்டு, தூக்கி வருவது எது என்று முதலில் மனத்தில் வையுங்கள். காட்சி அதன்பின் தானாக வரும்.

ஏப்ரல் 12

அல்சூர் சோமேசுவரர் கோயில் பக்கம் இருக்கிறவர்கள் புறப்பாட்டு நாளில் கோபுர வாசலுக்கு உள்ளேயே நில்லுங்கள். வீதிக்கு வந்துவிட்டால் ஹாரன் சத்தத்தில் தொப்பி கேட்காது. வழக்கப்படி வாசிக்கிற இடங்களில் வாசலைத் தாண்டியதும் மல்லாரி நின்று ராக ஆலாபனை எடுப்பார்கள். கல் தரை முடிந்து தெரு தொடங்குகிற இடம் அது.