பதினான்கு வயதுக் குடும்பத் தலைவன்

1988 ஜூலையில், டோக்கியோவின் சுகாமோ பகுதியில், பெரியவர்கள் துணையின்றிப் பிள்ளைகள் மட்டும் குடியிருக்கிறார்கள் என்று வீட்டு உரிமையாளர் தெரிவித்ததன் பேரில் போலீசார் ஒரு வீட்டுக்குள் சென்றபோது, 14 வயதுச் சிறுவன் ஒருவனும், மெலிந்துபோன இரண்டு தங்கைகளும் அங்கே இருந்தார்கள். முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தாய் வேறொருவருடன் வாழச் சென்றுவிட்டார். அவ்வப்போது அவர் அனுப்பிய பணத்தைக் கொண்டு வீட்டை நடத்தும் பொறுப்பு மூத்தவன் தலையில் விழுந்தது.

இந்தப் பிள்ளைகள் பல மாதங்கள் எவர் கண்ணிலும் படாமல் போனது எப்படி என்பதுதான் என்னை நெடுநாள் உறுத்திய கேள்வி. அவர்களின் பிறப்பு பதிவு செய்யப்படவேயில்லை. ஜப்பானில் குடியிருப்போர் பதிவேட்டைப் பார்த்தே பள்ளிச் சேர்க்கை அறிவிப்பு அனுப்பப்படுவதால், ஏட்டில் பெயரில்லாத பிள்ளையைத் தேடி எந்தப் பள்ளியும் வருவதில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில், வீட்டுக்கு வந்துபோன சிறுவர்கள் அடித்ததில் இரண்டு வயதுக் கடைசித் தங்கை இறந்திருந்தாள்.

நானும் வீட்டுக்கு மூத்தவன். ‘பொறுப்பான பிள்ளை’ என்று உறவினர்கள் புகழும்போதெல்லாம் உள்ளூர எரிச்சல் கொண்டவன். ஆனால் என் வீட்டில் இரவானால் அப்பா திரும்பி வந்துவிடுவார்.

தாய்க்கு நீதிமன்றம் விதித்தது மூன்றாண்டுச் சிறைத்தண்டனை. அதையும் நான்காண்டுகளுக்கு நிறுத்திவைத்தது.