புது பைப்பைப் பழக்கிய அனுபவம்: ஐப்பசி முதல் மார்கழி வரை

ஐப்பசி முதல் வாரம் அக்கா மகன் நியூ ஜெர்சியிலிருந்து மயிலாடுதுறைக்கு வந்தான். நான் ரொம்ப நாளாகக் கேட்டிருந்த, புகையிலை பிடிக்கும் பிரையர் பைப்பும் கூடவே வந்தது. மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேர்க்கட்டையை மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திக் கடைந்து எடுப்பது இது. சூட்டை நன்றாகத் தாங்கும் கட்டை. ஆனாலும் புதிதில் வெறும் மரம்தானே. புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குகிற மாதிரி இதையும் பழக்க வேண்டும். எண்ணெய்க்குப் பதில் இங்கே கரி. புகையிலை எரிந்து எரிந்து, அதைப் போடும் கிண்ணத்தின் உள்சுவரில் மெல்லிய கரிப்படலம் ஏற வேண்டும். அது ஏறிவிட்டால் மரம் கருகாது, சூடு கைக்கு வராது, புகையும் இதமாக இருக்கும்.

பைப்போடு இரண்டு பொட்டலம் புகையிலையும் வந்திருந்தன. ஒன்று வெனிலா வாசனை ஏற்றியது. இன்னொன்று 1907-லிருந்து விற்கும் பிரின்ஸ் ஆல்பர்ட், பெரும்பாலும் பர்லி என்ற வகைப் புகையிலை. பிரித்து முகர்ந்து பார்த்ததில் வெனிலாவைத்தான் கை எடுத்தது. ஐந்து முறை அதைப் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் பாதியில் தண்டுக்குள் களகளவென்று தண்ணீர்ச் சத்தம், நாக்கில் எரிச்சல், அடியில் எரியாத ஈரச்சக்கை. கிண்ணத்தில் கரி ஏறவில்லை. விரலை விட்டுப் பார்த்தால் வெல்லப்பாகு போலப் பிசுபிசுத்தது. வாசனைப் புகையிலையில் இனிப்புச் சாறும், காயாமல் இருக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைகாலும் உண்டு. பழகிய பைப்பில் எப்போதாவது பிடிக்க அது நல்லதுதான். முதல் அடுக்குக்கு ஆகாது. துணியால் முடிந்தவரை துடைத்துவிட்டு, ஒரு வாரம் பைப்பைச் சும்மா வைத்தேன்.

அந்த வாரம் தலைஞாயிற்றுச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வெற்றிலைச் செல்லத்தில் எப்போதும் வேதாரண்யம் புகையிலை இருக்கும். இனிப்பு ஏற்றாத இலைதானே, இதைப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"இது மெல்லுற சரக்குப்பா. கொளுத்துனா தாங்க மாட்டே" என்றார்.

ஒரு சிட்டிகை மட்டும் கிள்ளிப் போட்டுப் பார்த்தேன். நாலாவது இழுப்பில் விக்கல், ஆறாவதில் தலை சுற்றல். அந்தக் காரத்தை வைத்துப் பழக்க முடியாது. பழக்குவதற்கு அவசரமில்லாமல் அடிவரைக்கும் பிடித்து முடிக்கிற மாதிரி இலை வேண்டும்.

அப்புறம்தான் பர்லிக்கு வந்தேன். சூடான கொட்டகையில் ஒரு வாரத்துக்குள் பதமாகும் வர்ஜீனியா இலையில் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். வேகமாக இழுத்தால் நாக்கைச் சுடும். பர்லியை நிழலில் காற்றாட வாரக்கணக்கில் தொங்கவிடுவார்கள். அதற்குள் இலை தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடுகிறது. அதனால் நிதானமாக, வறண்டு எரிந்து, கெட்டியான கரியை விட்டுப் போகும். லட்டாக்கியா போன்ற புகையூட்டிய இலையையும் புது பைப்பில் நான் தொட மாட்டேன். அந்த வாசம் மரத்தில் ஏறினால் லேசில் போகாது.

சரி, பர்லி போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. கார்த்திகை அடைமழை. பொட்டலத்தைப் பிரித்து வைத்த புகையிலை, அப்பளம் நமுத்துப் போகிற மாதிரி நமுத்துவிட்டது. ஒரு கிண்ணத்துக்கு ஒன்பது தீக்குச்சி. மறுபடியும் அதே களகளச் சத்தம். பர்லியும் நமக்கு ஒத்துவராதோ என்று மனசு விட்டுப்போன சமயத்தில் சித்தப்பா வந்தார். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று நெல்லைத் திருப்புவதற்கு முன்பே, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்லிவிடுகிறவர். என் புகையிலையை இரண்டு விரலால் அழுத்தி விட்டார். அது உருண்டையாகவே நின்றது.

"பச்ச நெல்லு மாதிரி இருக்கு. காய வச்சியா?"

அந்த ஒரு கேள்விதான் எனக்கு வழி காட்டியது. இரண்டு மாதமாக எந்த இலை என்றே யோசித்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு காய்ந்த இலை என்று யோசிக்கவில்லை. டெல்டா மழைக்காலத்தில் இரண்டாவது கேள்விதான் பெரியது. இப்போது ஒரு வேளைக்கு வேண்டியதைத் தாம்பாளத்தில் பரப்பி, குண்டு பல்புக்கு ஒரு முழம் கீழே இருபது நிமிடம் வைக்கிறேன். அழுத்தி விட்டால் மெல்லப் பிரிய வேண்டும், பொடியாகக் கூடாது. அதுதான் பதம். மூன்று தீக்குச்சிக்கு மேல் இப்போது போவதில்லை.

பர்லியில் முதல் ஐந்து தடவை கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரப்பினேன். அடுத்த ஐந்து பாதி, பிறகு முழுசு. அடிப்பகுதியில்தான் கரி ஏறத் தாமதமாகும் என்பதால் இந்த வரிசை. லைட்டர் விளிம்பைக் கருக்கும். தீக்குச்சியின் மருந்து எரிந்து முடிந்த பிறகு காட்டுவது நல்லது. புகையிலையை அமுக்குவதற்கு நாலு இஞ்சு ஆணியின் தலை போதும். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றவே கூடாது, பொருத்து உடையும். முழுக்க ஆறிய பிறகு பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஈரத்தை எடுத்துவிட்டு, இரண்டு நாளாவது பைப்பை ஓய்வில் வைக்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தொடுவதில்லை. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் பைப் வாய்ப்புற்றுநோய்க்கு வழிதான். அதை மறந்துவிட்டு இதில் இறங்கவில்லை. திண்ணையில் பேரப்பிள்ளைகள் இருந்தால் கொல்லைக்குப் போய்விடுவேன்.

நேற்றோடு பர்லியில் பதினான்கு தடவை. மேல்பாதியில் சீராகக் கறுப்பு ஏறிவிட்டது, அடியில் இன்னும் மரத்தின் நிறம் கொஞ்சம் தெரிகிறது. கரி ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனுக்கு வந்தால் போதும், அதற்கு மேல் வளர்ந்தால் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் கிண்ணமே விரிசல் விடும். மிச்சப் பொட்டலம் தை வரைக்கும் வரும். தை வெயில் வந்ததும் பல்பை எடுத்துவிட்டு, முறத்தில் வைத்து மாடியில் காயவைத்துப் பார்க்கப் போகிறேன்.