எம்.எஸ். ப்ளூ கருநீலமான கதை

"தம்பி, நான் கொடுத்தது எம்.எஸ். ப்ளூ. நீங்க நேவி ப்ளூ அனுப்பியிருக்கீங்க." தி. நகர் பட்டுக்கடை அண்ணாச்சி போனில் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. எம்.எஸ். ப்ளூ என்பது பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் நீலம்; நேவி ப்ளூவோ கருநீலம். அவர் கடைக்காக நான் எடுத்த காஞ்சிபுரம் புடவைப் படம் என் திரையில் அச்சு அசலாக இருந்தது.

முதல் சந்தேகம் என் மானிட்டர்மேல். ரிச்சி தெரு வரை போய்ப் புது கேபிள் வாங்கி வந்தேன்; தண்டச் செலவு. கடையில் வைத்திருக்கும் அதே வியூவரை, அதாவது படம் காட்டும் மென்பொருளை, என் கணினியிலும் போட்டுத் திறந்தேன். இங்கேயும் கருநீலம்! சரி, மானிட்டர் பாவம்.

அப்புறம்தான் புத்தி வந்தது. புடவையை விட்டுவிட்டு, படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் ஒரு சாம்பல் கட்டம் வரைந்தேன். 0 முதல் 255 வரையிலான அளவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128. புடவைக்கு வைத்திருந்த அதே அமைப்பில் நிறத்துக்கு நிறையப் படிகள் தரும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, அந்த வியூவரில் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எண்ணைப் பார்த்தேன். 55.

குட்டு உடைந்தது. திரைகள் வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி (sRGB) கணக்கில் 128 என்பது, ஒளியின் அளவை அப்படியே எழுதும் லீனியர் கணக்கில் ஏறக்குறைய 55தான். கிம்ப் 2.10, 2018-இல் 16, 32 பிட் வசதியோடு வந்ததிலிருந்து நான் லீனியரில்தான் வேலை செய்கிறேன். மங்கலாக்குவது, கலப்பது எல்லாம் அதில் இயல்பாக வரும். கோப்போடு போகும் கலர் ப்ரொஃபைல் என்ற நிறக்குறிப்பு 'இது லீனியர்' என்று சொல்லும். அதைப் படிக்காத வியூவர், எண்ணை மட்டும் பார்த்து இருட்டாகக் காட்டிவிட்டது. கேட்காமல் அனுப்பியது என் தப்பு.

அவசரத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. அண்ணாச்சிக்குச் சின்னக் கோப்பாக அனுப்பலாமென்று லீனியரிலேயே 8 பிட்டுக்கு இறக்கினேன். முந்தானை மடிப்பின் நிழலில் நீலம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்தது. 8 பிட்டில் இருக்கும் 256 படிகளில், எஸ்ஆர்ஜிபி 128-க்குக் கீழே உள்ள நிழல் பகுதி முழுவதற்கும் லீனியரில் ஐம்பத்தைந்து படிதானே கிடைக்கும்! மறுபடி 16 பிட் மூலத்துக்கே போய், முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, பிறகு 8 பிட்டாக்கி, ப்ரொஃபைலோடு சேமித்தேன். மடிப்பு வழவழவென்று வந்தது.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பதில்: "ப்ளூ இப்ப சரி தம்பி. ஆனா ஜரிகை கொஞ்சம் பச்சையடிக்குதே?"

அது மட்டும் நிஜமாகவே என் ஸ்டுடியோ ட்யூப்லைட்டின் வேலை.