அக்கா மகன் வாங்க நினைக்கும் ஹெலிகாப்டர்

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் என் அக்கா மகன் சென்ற மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நான்கு பேர் அமரக்கூடிய பழைய ஆர்44 ஹெலிகாப்டர் ஒன்று விலைக்கு வருவதாகவும், அதை வாங்கித் தானே ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புவதாகவும் சொன்னான். "மாமா, நீங்க வேணாம்னு சொன்னா விட்டுடறேன்" என்றான். ஹெலிகாப்டர் பராமரிப்புப் பொறியாளராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைக் கேட்டான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவனுடைய ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. சிறுவனாக இருந்தபோது, கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் தேர்தலுக்காக ஒரு தலைவரின் ஹெலிகாப்டர் இறங்கியதைப் பார்த்தேன். புழுதி கிளம்பாமல் இருக்கக் காலையிலேயே லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்திருந்தார்கள். கூட்டம் முழுவதும் தலைவரின் பின்னால் ஓடியது. நான் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி, சுழற்சி குறைந்து குறைந்து கடைசியில் இறக்கைகள் தொங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொழில் அங்கேதான் தொடங்கியது. பண்ருட்டியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கி.மீ.; மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஆர்44க்கு அது முக்கால் மணி நேரப் பயணம். ஆனால் நேரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் யாரும் ஹெலிகாப்டர் வாங்குவதில்லை. பனைமர உயரத்தில், அந்தரத்தில், அசையாமல் நிற்க முடிகிறதே, அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

என்ஜின் நின்றால் கல்லைப் போல விழுந்துவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விழாது. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் தணக்கு மரம் உண்டு. அதன் காய்க்கு இரண்டு நீண்ட சிறகுகள் இருக்கும். காம்பிலிருந்து விடுபட்டதும் கீழிருந்து மோதும் காற்றே அதைச் சுழற்றி மெதுவாக இறக்குகிறது. ஆட்டோரொட்டேஷன் என்று நாங்கள் சொல்வதும் அதுவே. பைலட் தன் இடப்பக்கத்து நெம்புகோலை உடனே தாழ்த்தினால் இறக்கைகளின் சாய்வு குறைந்து, கீழிருந்து வரும் காற்றில் அவை தொடர்ந்து சுழலும். தரையை நெருங்கும்போது அந்தச் சுழற்சியில் மிச்சமிருக்கும் விசையைக் கொண்டு மெத்தென்று இறங்கலாம். 'உடனே' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்கு முந்தைய சிறிய ஆர்22இல் அந்த அவகாசம் ஏறத்தாழ ஒரு நொடி. ஆர்44இல் சற்றுக் கூடுதல். சுழற்சி ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் அதை மீட்க வழியே இல்லை.

ஆர்22, ஆர்44 ஹெலிகாப்டர்களை உருவாக்கிய ஃபிராங்க் ராபின்சன் 1973இல் தன் நிறுவனத்தைத் தொடங்கியது, தனிமனிதர்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு ஹெலிகாப்டரைச் செய்வதற்காக. 1979இல் சான்றிதழ் பெற்ற ஆர்22ஐப் பயிற்சிப் பள்ளிகள் வாங்கிக் குவித்தன. எடை குறைந்த, கைபட்டால் துள்ளும் அந்த இயந்திரம் கற்றுக்குட்டிகளின் கைக்குப் போனதில் பல உயிர்கள் போயின. 1995இல் அமெரிக்க அரசு ஆர்22, ஆர்44 இரண்டுக்கும் தனிப் பயிற்சி விதியையே கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்த விதிக்குப் பின்னால் இருக்கும் முக்கியமான ஆபத்தை அவனுக்கு மேசை மீது ஸ்கேலையும் பென்சிலையும் வைத்துக் காட்டினேன். இரண்டே இறக்கைகள் உள்ள ரோட்டர், பூங்காவில் பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையைப் போலத் தண்டின் உச்சியில் ஆடக்கூடியது. ஹெலிகாப்டரின் எடை அதில் தொங்கும் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். பைலட் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால், வண்டி வேகத்தடையைத் தாண்டும்போது வயிறு லேசாவதைப் போல எடை இல்லாமல் போகும்; வால் ரோட்டரின் தள்ளுதலால் உடல் வலப்பக்கம் உருளும். அப்போது கை தானாகத் திசைக்கோலை இடப்பக்கம் இழுக்கும். அந்த இயல்பான அசைவுதான் கொல்கிறது: ரோட்டரின் மையம் தண்டில் மோதித் தண்டை முறிக்கும், அல்லது இறக்கை வாலை வெட்டும். முதலில் அந்தக் கோலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து எடையைத் திரும்ப ஏற்ற வேண்டும். கை தன் இயல்பை மறந்து இதைச் செய்யப் பல மணி நேரப் பயிற்சி வேண்டும்.

நம் கடற்கரைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. அவன் பார்த்திருப்பது கார்புரேட்டர் வைத்த மாடல். அதற்குள் பனி படியும் என்றதும், கடலூரில் பனிக்கட்டியா என்று சிரித்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் குறையலாம். மார்கழி மாதத்து ஈரக்காற்றில் உள்ளே பனி படிந்து என்ஜின் மூச்சுத் திணறும். உப்புக்காற்று வீட்டு கேட்டை அரிப்பதைப் போல இறக்கையின் ஓரத்தையும் அரிக்கும். தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்காமல் நிறுத்தவே கூடாது. பழைய ஆர்44களில் விபத்துக்குப் பின் எரிபொருள் டேங்க் கிழிந்து தீப்பிடித்ததால், உள்ளே ரப்பர் பை பொருத்திய டேங்க்கை ஆஸ்திரேலியா 2013இல் கட்டாயமாக்கியது. அது இல்லாத ஹெலிகாப்டரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதே என்றேன்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது மேகத்துக்குத்தான். 2009இல் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்றது இரட்டை என்ஜின் ஹெலிகாப்டர். மோசமான வானிலையில் நல்லமலைக் காட்டில் மோதியது. 2021இல் குன்னூர் அருகே தளபதி பிபின் ராவத் சென்ற விமானப்படை ஹெலிகாப்டரும் மேகத்துக்குள் நுழைந்த பிறகுதான் விபத்துக்குள்ளானது. தேர்ந்தவர்களுக்கே அந்த நிலை. கம்பெனி பைலட்டிடம் "இன்று போகாதே" என்று சொல்ல மேலே ஓர் அதிகாரி இருப்பார். சொந்த ஹெலிகாப்டரில், திருமணத்துக்கு நேரமாகிவிட்டது என்று மனைவி மக்கள் ஏறி அமர்ந்திருக்கும்போது, திண்டிவனத்துக்கு மேலே மேகம் தாழ்ந்திருக்கிறது என்று யார் சொல்லுவார்கள்? அவன்தான் முதலாளி, அவன்தான் பைலட். இதை அவனிடம் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அக்காவின் முகம் என் கண்முன்னே வந்துகொண்டே இருந்தது.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் லைசென்ஸ், அதன் பிறகு ஒரு வருடமாவது பயிற்றுநரோடு பறக்க வேண்டும், அதற்கு அப்புறம் பேரம் என்றேன். ஆர்44 கையேட்டின் பத்தாம் பகுதியில், நடந்த விபத்துகளிலிருந்து எழுதப்பட்ட எச்சரிக்கைகள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை எடுத்துக் கொடுத்தேன். மின்கம்பியைப் பற்றிய பக்கத்தில் அவன் நின்றுவிட்டான். மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது, கோபுரத்தைத்தான் தேட வேண்டும் என்று விளக்கினேன். போனில் வரைபடத்தைத் திறந்து, தன் முந்திரித் தோப்பிலிருந்து நெய்வேலி வரை உயரழுத்தக் கம்பிகள் போகும் தடங்களை விரலால் தேடத் தொடங்கினான். என் மனைவி வைத்த காபி ஆறுவதற்குள் ஏழு தடங்களைக் குறித்துவிட்டு, "இன்னும் இருக்கு மாமா" என்றான்.