ட்ரைபாட் காலில் பெரணி இலை

பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் சுங்கை பூரோங் வயலுக்குப் பஞ்சுருட்டான் பறவையைப் படம் எடுக்கப் போகும்போதெல்லாம் கேமராவைத் தாங்கும் என் ட்ரைபாட் கால்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வெள்ளி நிற அலுமினியம், வெயில் பட்டால் கண்ணாடி மாதிரி மின்னும். துணி சுற்றிப் பார்த்தேன். இரண்டு மழை நனைந்ததும் பூஞ்சை பிடித்து நாறியது. சரி, பெயிண்ட்தான் என்று முடிவு செய்தேன்.

ஸ்டென்சில் (ஓட்டை வெட்டிய அச்சுத் தாள்) வைத்து மறைவு வண்ணம் அடிக்கும் காணொளிகள் பெரும்பாலும் ஏர்சாஃப்ட், அதாவது பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிக்காரர்களுடையவை. மலேசியாவில் அதற்கு அனுமதி இல்லை. ஆனால் வேலை ஒன்றுதானே. ட்ரைபாடுக்கும் லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடுக்கும் மட்டும் அடிப்பது என்று வைத்துக்கொண்டேன். லென்ஸ் மேல் கை வைக்கத் தைரியம் வரவில்லை, அதன் விலை அப்படி.

நாங்கள் இருப்பது ஆயர் ஈத்தாமில் ஃபிளாட். நடைபாதையில் ஸ்ப்ரே டின்னைக் குலுக்கிய சத்தத்துக்கே எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார். மூட்டையைக் கட்டிக்கொண்டு பட்டர்வொர்த்தில் மச்சான் வீட்டுக் கார் கொட்டகைக்குப் போய்விட்டேன். 400 நம்பர் சேண்ட்பேப்பரால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, அலுமினியத்துக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, காய்ந்ததும் மேலே காக்கி. பளபளக்காத மேட் பெயிண்ட்தான், 25 செ.மீ. தள்ளி நின்று மூன்று மெல்லிய பூச்சு.

வினை ஸ்டென்சிலில்தான் ஆரம்பித்தது. பிளாஸ்டிக் தாளில் திட்டுத்திட்டாக ஓட்டை வெட்டி வைத்திருந்தேன். ஹூட் அகலமானது, தாள் அதில் வளைந்து உட்கார்ந்தது. ட்ரைபாட் கால் மூங்கில் குச்சி மாதிரி ஒல்லி. தாளின் ஓரம் தூக்கிக்கொள்ள, அடியில் பழுப்பு நிறம் புகுந்து எல்லாம் தீற்றலாகிவிட்டது. அடுத்து ஸ்டிக்கர் வினைல். இது நன்றாக ஒட்டியது, ஓரமும் கத்தி மாதிரி வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. லாரியில் ஒட்டிய படம் போல இருந்தது. காட்டில் எந்த நிழலுக்கு அப்படி ஓரம் இருக்கிறது?

சலித்துப்போய் வெளியே வந்தால், கால்வாய் ஓரம் முழுக்கப் பெரணி. பறித்த உடனே வைத்தேன், சுருண்டது. ஓர் இரவு பழைய நாளிதழுக்குள் வைத்து மேலே அரிசி டின்னை ஏற்றினேன். காலையில் இலை தட்டையாக இருந்தது, வளைத்தாலும் முறியவில்லை. காலில் படிய வைத்து மெல்லிய நூலால் இரண்டு சுற்று. கரும்பச்சையை நேர் எதிரே நின்று விட்டுவிட்டு அடித்தேன். சாய்த்து அடித்தால் இலைக்கு அடியில் புகுந்துவிடும். இலையை எடுத்ததும் அடியிலிருந்த காக்கியும் பழுப்பும் பெரணி வடிவில் தெரிந்தன. நூல் கிடந்த இடத்தில் கூட ஒரு மெல்லிய கோடு, புல் மாதிரி. அதை நான் திட்டமிடவே இல்லை. ஓர் இலை நான்கைந்து முறை தாங்கும், பிறகு பெயிண்ட் கனத்து ஓரம் தூக்கும். ஒரு கட்டு இலை வைத்துக்கொள்வது நல்லது.

ஹூடில் மட்டும் மேற்புறத்தைக் கருமையாகவும் அடிப்புறத்தை வெளுப்பாகவும் விட்டேன். விலங்குகளின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதால் மேலிருந்து விழும் வெளிச்சத்தின் நிழல் சமனாகி, உடலின் உருட்சி தெரியாமல் போகிறது என்று அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1896-இல் எழுதினார். மானையும் சுறாவையும் பார்த்தால் புரியும்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு தப்பு. மழை விட்டதும் விடாததுமாக மேட் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தேன். காற்றின் ஈரம் பிடித்துப் பெரணி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. மறுநாள் உச்சி வெயிலில் அதே கிளியரை மெல்லியதாக அடிக்க, பெரும்பாலும் தெளிந்தது. இரண்டாவது தப்பு முழுக்க முழுக்க என் பேராசை: உள்ளே நுழையும் கீழ்க்குழாய்க்கும் பெயிண்ட் அடித்தேன். மேல் குழாய்க்குள் போனது, திரும்பி வரவில்லை. மச்சான் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்து இழுத்தோம். பிறகு தின்னர் போட்டுச் சுரண்டி எடுத்தேன். கீழ்க்குழாய்கள் இப்போதும் வெள்ளிதான். காலை நீட்டினால் மட்டும் துணி டேப் சுற்றுகிறேன்.

நேற்றுதான் வெளியே எடுத்தேன். தண்ணீர்மலை அடிவாரத்தில், தாவரப் பூங்கா மர நிழலில், கரும்பச்சை அழகாக ஒடுங்கியது. வெண்தொண்டை மீன்கொத்தி ஒன்று பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து, நான் குவியத்தைத் திருக வேகமாகக் கையைத் தூக்கும்வரை இருந்தது. சுங்கை பூரோங்கில் நெல் அறுத்த வயல். வைக்கோல் நிறத்துக்கு நடுவே என் ட்ரைபாட் நட்டுவைத்த செடி மாதிரி தனியாக நின்றது. ஆனால் மின்னவில்லை. ஹூடைக் காக்கி தூக்கலாக மறுபடி அடிக்கப் போகிறேன். நாளிதழுக்குள் இன்னும் ஆறு இலை மிச்சம் இருக்கிறது.