ஏற்காட்டை நம்பி டெல்லி போன கதை

சேலத்துக்காரனுக்குக் குளிர் என்றால் ஏற்காடுதான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏரிக்கரையோரம் டீ குடிக்க ஒரு ஸ்வெட்டர் போதும், அதே ஸ்வெட்டரை நம்பி, போன ஜனவரியில் டெல்லிக்கு ரயிலேறினேன். விடிகாலை 5 டிகிரி. பல் தந்தியடித்தது.

கனமான ஒரே ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று உடைகளை அடுக்கிப் போடுவதுதான் சரி, ஏனென்றால் அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது, மெட்ரோவுக்குள் புழுங்கினால் ஒன்றைக் கழற்றிக்கொள்ளவும் செய்யலாம். உள்ளே தெர்மல் (உடம்போடு ஒட்டியிருக்கும் குளிர்கால உள்ளாடை), மேலே கம்பளி, அதற்கும் மேலே காற்று புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடந்து குளிரைக் கூட்டும். (அம்மா நாலு பனியன் வைத்து அனுப்பியிருந்தார்!)

செருப்பு வேலைக்கு ஆகாது. ஷூ, கம்பளி சாக்ஸ், அதிலும் சாக்ஸ் மட்டும் இரண்டு ஜோடி கூடுதலாக. குரங்குக் குல்லா போட்டவர்களைப் பார்த்து ஏற்காட்டில் சிரித்தவன் நான், கரோல் பாக்கில் இறங்கியதும் முதலில் வாங்கியது அதைத்தான். அப்புறம், உதட்டுக்கு வாசலின். தேங்காய் எண்ணெய் கொண்டுபோனேன், பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிட்டது.